பதினோரு மணி ரசிகர்

எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பிடித்து நிறுத்தி, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டாம். நிலோஃபர் மீது எனக்குப் பொறாமை. இருபத்திரண்டு வருஷமாக அவளும் நானும் இந்த ஊர் நடைபாதைகளில் முழங்கால் தேய வரைந்திருக்கிறோம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோகிறவள் நான். என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என் புருஷனைவிட அதிகமாக நடந்தவள் அவள். அதெல்லாம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கின்றன, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை.

என் பெயர் செண்பகவல்லி, தொழிலில் செம்பா. சாக்பீஸால் தரையில் பள்ளம் வரைகிறவள். பத்திரிகைக்காரர்கள் முப்பரிமாண ஓவியம் என்று எழுதுவார்கள். எங்களுக்குள் எல்லாமே பள்ளம்தான், யானை வரைந்தாலும் பள்ளம், மலை வரைந்தாலும் பள்ளம். சமமான தரையில் கன்னாபின்னாவென்று இழுத்து வரைந்திருப்போம். ஒரே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் அது கிணறாக, படிக்கட்டாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் இரண்டு பாதங்களை வரைந்து வைப்போம். பாதத்தை விட்டு நாலு அடி தள்ளி நின்றால் எல்லாம் ரப்பர் மாதிரி நீண்டு அசிங்கமாகத் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாதத்தின் மேல் நின்றாலும் இரண்டு கண்ணாலும் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் தட்டும். ஒரு கண் இன்னொரு கண்ணிடம், ஏய் இது வெறும் தரை என்று கோள் சொல்லிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் கோள் சொல்ல ஆளில்லை, பள்ளம் நிஜமாகவே வாயைத் திறக்கும். அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடுவோம். கல்யாணமான புதிதில் என் புருஷன் பொன்னுரங்கம், நான் அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று ஆறு மாசம் சந்தோஷமாக இருந்தார். பாவம், அவருடைய தலையும் பின்னால் இருந்த கதவும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் சாக்பீஸ் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பெட்டியின் மேல் நீளமாக ஏதோ பெயர் போட்டிருக்கும், யாரும் அதைச் சொல்வதில்லை. தொட்டால் சாதாரண சாக்பீஸ் மாதிரிதான் இருக்கும். மழை பெய்தாலும் அசையாது, செருப்புக் காலால் தேய்த்தாலும் போகாது. ஆனால் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க ஆளில்லை என்றால் அரை நாளில் வெளுத்துச் சாம்பல் தூளாகிக் காற்றோடு போய்விடும்.

நடைபாதைக் கலை மையம் என்று ஒன்று ஆரம்பித்து, எங்களை எல்லாம் கூப்பிட்டு அதை விளக்கியவள் ஆதிரை என்கிற சின்ன வயசு என்ஜினியர். நல்ல பெண். நாங்கள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"கண்ணுக்குள்ள போற வெளிச்சத்துல ஒரு துளி திரும்பி வெளிய வரும் மேடம். இருட்டுல பூனைக் கண்ணு மின்னுதுல்ல, அந்த மாதிரி. நமக்கும் அது இருக்கு, ரொம்ப ரொம்பக் கொஞ்சமா. அது மேல விழுந்தா இந்தத் தூள் நிறத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். விழலைன்னா விட்டுடும்."

அப்படியானால் நாமே நம்முடைய படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். அவள் சிரித்தாள். ஒவ்வொருவர் கண்ணையும் அங்கேயே அளவெடுத்தார்கள். உங்கள் கண் உங்கள் பெட்டி சாக்பீஸுக்குச் செல்லாது, மற்ற எல்லார் கண்ணும் செல்லும் என்றாள். நல்ல படம் நிற்கும், மோசமான படம் தானாகப் போய்விடும், தரையைக் கழுவுகிற வேலையே இல்லை, மக்களே நீதிபதி என்று மையத்தின் தலைவர் பேசினார். நாங்களும் கை தட்டினோம்.

நடந்தது வேறு. மனுஷக் கண் நல்லதைப் பார்த்து நிற்பதில்லை, பயந்தால்தான் நிற்கிறது. ஆறே மாசத்தில் ஊர் நடைபாதை முழுக்க முதலையும் பாழுங்கிணறும் விளிம்பில் தொங்குகிற குழந்தையும் ஆகிவிட்டன. வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண், வாசலில் யாரோ வரைந்த பாம்புக் குழிக்குப் பயந்து பிரசவம்வரை வெளியே வரவில்லை. வேதநாயகம் என்று எங்கள் கூட்டாளி ஒருவர் இருந்தார். தண்ணீர் மட்டும்தான் வரைவார், கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் மணல். காலையில் வரைந்தது டீ நேரத்துக்கெல்லாம் வெளுத்துவிடும். இப்போது அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இன்னும் சிலர் வேன் வைத்து ஆள் கூட்டிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் படத்தை வெறிக்கச் சொன்னார்கள். சாக்பீஸுக்கு ரசனைக் கண், பிரியாணிக் கண் என்ற வித்தியாசம் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் சதுக்கம் வந்தது. மூன்று மெட்ரோ பாதைகள் சேருகிற இடத்தில் வழவழவென்று ஒரு பெரிய கல் தரை போட்டார்கள். அதில் மூன்று வருஷம் ஒரே ஓர் ஆள்தான் வரையலாம். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி வைத்தார்கள். தியாகராய நகர் அகல நடைபாதையில் முப்பத்தொரு பேருக்கு இடம். எல்லாருக்கும் கண் சாக்பீஸ். வரைந்து முடித்த பிறகு தொடக் கூடாது, நாற்பதாம் நாள் யார் படத்தில் அதிக நிறம் மிச்சமிருக்கிறதோ அவருக்குச் சதுக்கம்.

எனக்கு அந்தச் சதுக்கம் வேண்டும். வேண்டும் என்றால் சும்மா ஆசை இல்லை. ராத்திரி தூக்கத்தில்கூட அந்தத் தரையின் மேல் கோடு போட நூல் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயசு, முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி ஒரு பெரிய தரை என் கைக்கு வராது.

நான் இடிந்த மேம்பாலம் வரைந்தேன். பாதிப் பாலம் கீழே விழுந்து கிடக்கும், விளிம்பில் ஒரு பஸ் முன் சக்கரம் அந்தரத்தில் தொங்க நிற்கும், ஜன்னல் முழுக்க முகங்கள். முதல் நாள் ஒருவர் அதைப் பார்த்துக் கையிலிருந்த ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டார். நிலோஃபர் இருநூறு அடி தள்ளி, மூடிக் கிடந்த ஒரு ஜவுளிக்கடை வாசலில் வரைந்தாள். என்ன வரைந்தாள் தெரியுமா? கீழே இறங்குகிற ஆறு படி. மூன்றாவது படியில் ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான்.

மூன்று நாள்கூட நிற்காது நிலோ என்று சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன், முக்கால்வாசி.

"நிக்கலைன்னா போகட்டும்டி," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். காலையிலிருந்து மத்தியானம்வரை அவள் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர்.

இதுதான் எனக்குத் தீராத எரிச்சல். அவளுக்கு எதுவும் பெரிதில்லை. நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பள்ளம் வரைந்தால், அவள் பேசிக்கொண்டே வரைந்து முடித்துவிட்டுக் காய்கறி வாங்கப் போவாள். ஜனங்கள் என் பள்ளத்தைப் பார்த்து ஐயோ என்பார்கள். அவளுடையதைப் பார்த்துப் பேசாமல் நிற்பார்கள். அந்தப் பேசாமல் நிற்பது எனக்கு ஒரு தடவையாவது கிடைக்காதா என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அவள் படம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். உடனே கிளம்பினேன். அது சாவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு காரணம் எதுவும் கிடையாது. செம்பா வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று யாரும் அவளிடம் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, ஸ்கூட்டரில் போகிற பெண்கள் மாதிரி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டேன். அப்போது மணி பதினொன்று, நிலோஃபர் பள்ளியில் இருப்பாள். பாதத்தின் மேல் ஏறி நின்று ஒரு கண்ணை மூடினேன்.

நிழல் தப்பாக இருந்தது.

ஆறு படிகளின் நிழலும் இடது பக்கம் விழுகிறது. செருப்பின் நிழல் மட்டும் வலது பக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் நிலோஃபர் நிழலைத் தப்பாகப் போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை நாள் ஆணி மாதிரி உள்ளே குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் அசையாமல் அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். பொன்னுரங்கம் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைச் சுற்றிக்கொண்டு, பதினோரு மணிக்கு அந்தப் பாதத்தின் மேல் நிற்பேன். ஒரு கண், ஒரு நிழல், ஒரு மணி நேரம். திட்டிக்கொண்டே பார்ப்பேன். பெரிய கலைக்காரி, ஒரு செருப்புக்கு நிழல் போடத் தெரியவில்லை பார். அப்படிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் மாங்காய் பத்தை விற்கிற அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. நான் பதில் பேசியதில்லை, குரல் தெரிந்துவிடும்.

பத்தாம் நாள் ஆயிற்று, இருபதாம் நாள் ஆயிற்று. முதலைகள் போயின, கிணறுகள் போயின. ஜனங்களுக்குப் பயம் பழகிவிட்டது. என் தொங்குகிற பஸ்ஸின் மேல் ஒருத்தி குழந்தை வண்டியை நிறுத்திவிட்டுக் கம்மல் பேரம் பேசினாள். இன்னொருவன் அந்தரத்தில் இருந்த முன் சக்கரத்தின் மேல் சம்மணம் போட்டுப் பேல்பூரி சாப்பிட்டான். என் பாலம் நாளுக்கு நாள் வெளுத்தது. நிலோஃபரின் படி வெளுக்கவில்லை. ஓரங்கள் மங்கின, ஆனால் செருப்பும் அதன் நிழலும் நேற்று வரைந்த மாதிரி அடர்த்தியாக இருந்தன. சொல்லப்போனால் நாளாக ஆக நிழல் கறுத்துக்கொண்டே வந்தது. அந்த நிழலுக்கு உயிர் இருக்கு பாருடா என்று பையன்கள் போனில் படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்குக் கட்டுப்படாத நிழல் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரையே வந்துவிட்டது. போனவர்கள் திரும்பி வரும் திசையை அது காட்டுகிறதாம். தப்புக்குத் தத்துவம் எழுதுகிறார்கள். நான் பேப்பரைக் கிழித்து அலமாரிக்கு விரித்தேன்.

முப்பத்து நாலாம் நாள் களத்தில் மிச்சம் இரண்டே படம், என்னுடையதும் அவளுடையதும். அவளுடையது கொஞ்சம் முன்னால் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நிலோஃபர் ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கிறாள் என்று புகார் கொடுக்க நேராக ஆதிரையிடம் போனேன். தோழி மேல் புகார் கொடுக்க வெட்கமாக இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஆனாலும் போனேன்.

ஆதிரை என்னை உட்காரவைத்துத் திரையில் நிலோஃபரின் படத்தைக் காட்டினாள். கண் விழுந்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. படிகளின் மேல் லேசாக, தூவின மாதிரி. செருப்பின் நிழல் மட்டும் ரத்தச் சிவப்பு.

"கூட்டம் எல்லாம் இல்ல மேடம். சொல்லப்போனா ஒரே ஒரு ஆளு. தினமும் பதினோரு மணி, ஒரு மணி நேரம், அதே இடம். மத்தவங்க கண்ணு மூணு செகண்டு மேயும், போயிடும். இவங்க கண்ணு அசையறதே இல்ல. விழுந்த துளியெல்லாம் அதே இடத்துல விழுது. ஆயிரம் பேர் சும்மா பார்க்கறதும் சரி, இவங்க ஒருத்தர் பார்க்கறதும் சரி."

யார் அது என்று கேட்டேன்.

"யாருன்னு நாங்க பதிவு பண்றதில்ல மேடம், சட்டம் விடாது. ஆனா ஒரு ஆச்சரியம், ஒரே ஒரு கண்ணுதான் விழுது. காமிராவோன்னு சந்தேகப்பட்டோம். காமிராவுலேர்ந்து இந்தத் துளி வராது. மனுஷக் கண்ணுதான். இந்த ஆளு மட்டும் வரலைன்னா இந்தப் படம் மூணாம் நாளே போயிருக்கும்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. சமையலறையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன். முப்பத்தோரு நாள். முப்பத்தோரு மணி நேரம். அவளைத் தோற்கடிக்கிற அந்த ஒரு தப்பை நானே பால் ஊற்றி வளர்த்திருக்கிறேன். முதலில் அழுகை வந்தது. அப்புறம் மெதுவாகப் புரிந்தது, இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வீட்டில் இருந்தால் போதும்.

வீட்டில் இருப்பது அவ்வளவு லேசாக இல்லை. மறுநாள் பதினோரு மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போயிற்று. கதவைப் பூட்டிச் சாவியைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது. வெங்காயம் உரித்தேன், தேவையில்லாமல் ஒரு கிலோ. அதற்கு மறுநாள் அலமாரிகளைத் துடைத்தேன். அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் வந்து, நிலோஃபர் படம் திடீரென்று மங்கிவிட்டது, பஸ்ஸிலிருந்து பார்த்தேன் என்றார். அப்படியா என்றேன். உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

முப்பத்தேழாம் நாள் நிலோஃபர் வந்தாள். பள்ளி முடிந்து நேராக வந்திருந்தாள். உள்ளே வந்ததும் நேராகச் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள், எப்போதும் உட்காருகிற இடம். முகம் வாடியிருந்தது. படம் போகிறதே என்று கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது, மறைக்கவில்லை. என்ன நிலோ, சதுக்கம் போய்விடும் என்று பயமா என்று கேட்டேன்.

"சதுக்கம் கிடக்கட்டும்டி, உனக்கு வரட்டும். அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. மூணு நாளா வரல."

எந்த ஆள் என்று கேட்டேன். ஆதிரை அவளுக்கும் திரையைக் காட்டியிருக்கிறாள். ஒரு கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். மாங்காய்க்கார அம்மாளிடம் விசாரித்தபோது, ஆமாம், முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வரும், யாரிடமும் பேசாது என்று சொன்னாளாம்.

"ஒரு கண்ணு பார்வை இல்லாதவங்கடி அது. அதான் முகத்தை மூடிக்கிறாங்க, பாவம். யோசிச்சுப் பாரு, அவங்களுக்குத்தான் நம்ம படம் முழுசா நிஜம். கண்ணை மூடித் திறக்க வேண்டியதே இல்ல, எப்பப் பார்த்தாலும் அது படிதான். தினம் ஒரு மணி நேரம் நின்னிருக்காங்க. எங்க நின்னிருக்காங்க தெரியுமா, அந்த நிழல்ல. நான் அதைத் தப்பாப் போட்டுட்டேன் செம்பா. மறுநாள்தான் தெரிஞ்சுது, தொடக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஊர்ல ஒருத்தர்கூட அதைத் தப்புன்னு கண்டுபிடிக்கல. அவங்க என் தப்பைக் கண்டுபிடிச்சு, அதுக்கப்புறமும் தினமும் வந்திருக்காங்க."

மேடையிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல என் படத்தை இப்படி யாரும் பார்த்ததில்லடி. நீகூடப் பார்த்ததில்ல."

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த நிமிஷம் எனக்கு அந்த ஒற்றைக்கண் பெண்பிள்ளை மேல் பொறாமை வந்தது. இல்லாத ஒருத்தி மேல். கஞ்சி கொண்டுபோனவள் நான், கோடு போட நூல் பிடித்தவள் நான், ஆனால் அந்த ஒற்றைக்கண்காரிக்காக நிலோஃபர் கண் கலங்குகிறாள். நான்தான் அது என்று வாய்வரை வந்தது. அடுத்து அவள் கேட்பாள், எதற்கடி வந்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எதற்கு முகத்தை மூடினாய் என்று. அதற்கு என்ன பதில் சொல்வேன்? உன் படம் சாவதைப் பார்க்க வந்தேன், உன் தப்பைத் தின்ன வந்தேன் என்றா? காபி போட்டுக் கொடுத்தேன். வந்துவிடுவார்கள், ஊருக்குப் போயிருப்பார்கள் என்று தேற்றி அனுப்பினேன்.

நாற்பதாம் நாள் காலையில் நிலோஃபரின் படி முழுக்கப் போய்விட்டது. ஜவுளிக்கடை வாசலில் வெறும் தரை இருந்தது. என் பஸ் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அது போதும். சதுக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள். முதலில் கை தட்டியவள் நிலோஃபர்தான்.

சதுக்கத்தில் பன்னிரண்டு நாள் வரைந்தேன். ஜன்னலும் மொட்டைமாடியும் துணி காய்கிற கொடியுமாக, தரைக்குக் கீழே ஒரு தெரு. இந்தத் தடவை பயமுறுத்தவில்லை. பேசாமல் நிற்கவைக்க வேண்டும் என்று வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முதல் வாரம் ஆதிரையிடம் திரையைக் காட்டச் சொன்னேன். ஆயிரக்கணக்கான கண்கள், எல்லாம் ஜோடி ஜோடியாக, ஆளுக்கு மூன்று செகண்டு. நன்றாகப் போகிறது மேடம் என்றாள். ஒரு கண் ஏதாவது விழுந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

நிலோஃபரால் திறப்பு விழாவுக்கு வர முடியவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பாதத்தின் மேல் நின்றாள். ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள். நல்லா இருக்குடி என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். எங்கேயாவது ஒரு சுருக்கம், உதட்டில் ஒரு சின்ன இழுப்பு, ஒரு துளிப் பொறாமை. தேடினேன். இல்லை, சுத்தமாக இல்லை. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்து வயிறு எரியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை என்றால் நான் வரைந்து என்ன புண்ணியம்? அவளுக்காவது நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது என்ன வரைகிறாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, கை ஓடவில்லை என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, அந்த ஒற்றைக்கண் ரசிகர் எங்கேயாவது கண்ணில் பட்டாரா என்று கேட்டாள்.

"இங்கதான் வர்றாங்க," என்றேன். "தினமும். பதினோரு மணிக்கு."

யோசித்துச் சொல்லவில்லை, நாக்கு முந்திக்கொண்டது. ஆனால் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி, இரண்டு கண்ணும் சுருங்கின. இருபத்திரண்டு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். என் படத்தைப் பார்த்து வராத பொறாமை, என் பொய்யைக் கேட்டு வந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் வந்துவிட்டாள். பள்ளியில் பர்மிஷன் போட்டிருக்கிறாளாம். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். மூன்றாவது வாரம் வேலையையே மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டாள். தினமும் வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராகப் பாதத்தின் மேல் போய் நிற்கிறாள். பார்க்க வருகிறவர்கள் அங்கேதானே வந்தாக வேண்டும் என்பது அவள் கணக்கு. முகத்தை மூடின பெண் ஒருத்தி போனால் எட்டிப் பார்ப்பாள். இந்த வெயிலில் இந்த ஊரில் பாதிப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டுதான் போகிறார்கள். ஒவ்வொருத்தியின் கண்ணையும் பார்ப்பாள். பிறகு என்னிடம் வந்து, இன்னைக்கும் வரலையேடி என்பாள். நேற்று நீ போன பிறகு வந்தார்கள் என்று நான் சொல்வேன். என்ன செய்ய, ஆரம்பித்துவிட்டேன்.

ஜனங்கள் ரயிலுக்கு ஓடாமல் நின்று பார்க்கிற அந்த ஒரு மணி நேரமும் அவள் பாதத்தின் மேல் நிற்பதால் வேறு யாரும் அங்கே நிற்க முடிவதில்லை. சுற்றி நின்று பார்க்கிறவர்களுக்கு என் தெரு ரப்பர் மாதிரி நீண்டுதான் தெரிகிறது. ஒன்றும் புரியாமல் போய்விடுகிறார்கள். மொட்டைமாடிகள் வெளுத்துவிட்டன, கொடியில் துணி இருந்த இடம் சாம்பலாகிவிட்டது. நான் ராவும் பகலும் உட்கார்ந்து பார்த்தாலும் பிரயோஜனமில்லை, என் கண் என் படத்துக்குச் செல்லாது. கொஞ்சம் நகர்ந்து நில்லடி என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அங்கே தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்று ஆதிரை போன் செய்தாள். இந்த மாசம் தாங்காது மேடம் என்றாள். எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாதத்தின் மேல் தினமும் ஒருவர் ஒரு மணி நேரம் நிற்கிறாரே, அந்த இடத்திலிருந்து எவ்வளவு விழுந்திருக்கிறது என்று கேட்டேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அங்கேர்ந்து ஒரு துளிகூட விழல மேடம். அவங்க ஒரு தடவைகூடக் கீழ பார்க்கல."